பவுன் மெஸ்ஸில் பறவைக்கறி கிடையாது

பறவையா? கிடையாது தம்பி. காரைத் திருப்பிக்கிட்டுக் கெளம்புறதுன்னா கெளம்பலாம். உக்காந்து சாப்பிடுறதுன்னா கைகழுவிட்டு வரலாம். குழாய் அந்தப் பக்கம் இருக்கு.

திருச்சியிலேருந்தா வர்றீங்க? பாருங்க, திருச்சி வரைக்கும் போயிருக்கு நம்ம பேரு. மன்னார்குடி ரோட்டுல பவுன் மெஸ் எதுன்னு கேட்டா சின்னப்புள்ளகூட வழி சொல்லும். கேசு போட்டாங்க, கோர்ட்டுல நிறுத்தினாங்க, கடைக்குச் சீல் வெச்சாங்க. அப்பவே நான் தலையக் குனியலை. இப்ப எதுக்குக் குனியணும்?

கேசு குடுத்தது யாருன்னு கேளுங்க. எதுத்த கடைக்காரன் இல்ல. பங்காளி இல்ல. என் கழுத்துல தாலி கட்டின மனுசன். ஆமா, எங்க வீட்டுக்காரருதான். வெள்ளைப் பேப்பர்ல, தன் கையெழுத்துல, பேரு போட்டு, ஊரு போட்டு, தேதி போட்டு எழுதிக் குடுத்தாரு. மொட்டைக் கடுதாசிகூட இல்ல தம்பி! மொட்டைக் கடுதாசியா இருந்தா ஏதோ பயந்துக்கிட்டு எழுதினாருன்னு விட்டுருப்பேன்.

உக்காருங்க, சொல்றேன். நின்னுக்கிட்டு கேக்குற கதையில்ல இது.

அந்தா கரை தெரியுது பாருங்க, அதான் ஆலமேட்டு ஏரி. ஐப்பசியில ரெண்டு மழை நல்லாப் பேஞ்சா போதும், சிறவி வந்து எறங்கிடும். சிறவின்னா காட்டு வாத்து, சின்னதா இருக்கும். எங்கேருந்தோ வருது, கடல் தாண்டி மலை தாண்டி வருதும்பாங்க. கூடவே நாமக்கோழி, நாரை, உள்ளான், இன்னும் பேரு தெரியாததெல்லாம் வரும். மாசிக் கடைசியில வெயில் ஏற ஏற ஒவ்வொரு கூட்டமா கெளம்பிப் போயிடும். இடையில இருக்குற நாலஞ்சு மாசந்தான் எங்க ஊருக்குச் சீசன்.

எங்க மாமனாரு காலத்துல தொரைமாரும் மிராசுதாரும் துப்பாக்கியோட வருவாங்களாம். அவங்களுக்கு லைசென்சு இருக்குமாம். இன்ன மாசத்துலேருந்து இன்ன மாசம் வரைக்கும் சுடலாம், ஒரு நாளைக்கு இத்தனை சிறவி, இத்தனை உள்ளான், அதுக்கு மேல கூடாதுன்னு அச்சடிச்ச பேப்பர். சுட்டு விழுறதை இடுப்பளவு தண்ணியில எறங்கி எடுத்துக்கிட்டு வர்றது எங்க மாமனாரு வேலை. அப்புறம் புதுச் சட்டம் வந்துச்சு. சீசனும் கெடையாது, லைசென்சும் கெடையாது, வருசம் பூரா எந்தப் பறவையையும் தொடக்கூடாதுன்னு. துப்பாக்கிக்காரங்க நின்னுட்டாங்க. வலைக்காரங்க நிக்கலை. எங்க வீட்டுக்காரரு வலைக்காரரு.

அவருக்குன்னு ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. கூடு கட்டுற பறவையைத் தொட மாட்டாரு. ஜோடியில ஒண்ணு சிக்கிச்சுன்னா அதையும் எடுத்து விட்டுடுவாரு. தை அமாவாசை ஆச்சுன்னா வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுடுவாரு, நீங்க தலைகீழா நின்னாலும் எறக்க மாட்டாரு. அவரு புடிச்சுக்கிட்டு வருவாரு, நான் கடையில வறுத்துப் போடுவேன். ஊருக்கே தெரியும், ஆனா யாரும் தெரிஞ்சதாக் காட்டிக்க மாட்டாங்க. அப்புடித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

அந்த வலை இருக்கே, அது நான் முடிஞ்சது தம்பி. எங்க பக்கத்துல வலை முடியிறது பொம்பளைங்கதான். கல்யாணமாகி வந்த மொத ரெண்டு வருசம், வேலை முடிஞ்ச நேரமெல்லாம் உக்காந்து உக்காந்து முடிஞ்சேன். மூணு விரக்கடைக்கு ஒரு கண்ணு. ஒரு கண்ணு பெருசாப் போச்சுன்னா சிறவி நழுவிடும், சின்னதாப் போச்சுன்னா கழுத்து அறுபட்டுச் செத்துடும். அவ்வளவு கணக்கா முடியணும். பெரியவன் வயித்துல இருக்கும்போது ஆரம்பிச்சேன், அவன் நடக்கும்போது முடிச்சேன்.

அந்த வலையை எடுத்துக்கிட்டுப் போயி பாரஸ்டுக்காரங்ககிட்ட குடுத்துட்டாரு.

என்ன நடந்துச்சுன்னா, ஏரியைச் சரணாலயமா ஆக்கப் போறோம், பறவையைப் பத்தி வலைக்காரங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும், அதனால வலைக்காரங்களையே காவலுக்கு எடுத்துக்குறோம்னு ஆபீசருங்க வந்து பேசியிருக்காங்க. இவரும் சரின்னுருக்காரு. பந்தல் போட்டு விழா நடத்தி, மாலை போட்டு, இவரு வலையைக் குடுக்க, பெரிய ஆபீசர் வாங்கிக்க, போட்டோ எடுத்திருக்காங்க. எனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு? மறுநாள் காலையில டீக்கடைப் பேப்பர்ல. என் வலை அந்த ஆபீசர் கையில கெடக்கு, இவரு பக்கத்துல காக்கிச் சட்டையில பல்லக் காட்டிக்கிட்டு நிக்குறாரு.

ஒரு வார்த்தை கேட்டாரா என்னை? காவலுக்குப் போகட்டும், வேணாங்கல. பறவையை விடட்டும், அதுவும் வேணாங்கல. 'பவுனு, உன் வலையைக் குடுத்துடட்டுமா'ன்னு ஒரு வார்த்தை? நானே எடுத்துக் குடுத்துருப்பேன் தம்பி. குடுத்துருப்பேனோ மாட்டேனோ, அது வேற. கேட்டுருக்கணும்ல?

வீட்டுக்கு வந்தவருகிட்ட நான் ஒண்ணும் கத்தலை. 'உங்க வலை இல்லாட்டி என் அடுப்பு எரியாதுன்னு நெனைச்சீங்களா'ன்னு மட்டும் கேட்டேன். அந்த ஐப்பசியில ஒரு சிலேட்டுப் பலகை வாங்கி, 'சீசன் ஆரம்பம்'னு எழுதி, வாசல்ல மாட்டினேன். காக்கிச் சட்டையோட சைக்கிள்ல வந்தவரு நின்னு படிச்சாரு. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அப்புடியே ஏரிக்கரைக்குப் போயிட்டாரு. அன்னிக்குப் பூட்டுனதுதான் வாயி. சாப்பாடு வேணும், சோப்பு வேணும், பெரியவன் திருப்பூருலேருந்து போன் பண்ணினான்... இது மாதிரி பேச்செல்லாம் உண்டு. கடையைப் பத்தி மட்டும் மூச்சு விட மாட்டாரு. கடைக்குள்ள காலும் வெக்க மாட்டாரு.

என் கடைக்குக் கூட்டம் அள்ளிச்சு. ஐப்பசி பொறந்தா பலகை ஏறும், பங்குனி பொறந்தா 'சீசன் முடிந்தது'ன்னு எழுதிடுவேன். ஒரு நாள் முன்னப் பின்ன ஆகாது. 'பவுனுகிட்ட பார், சீசன் முடிஞ்சா கால்ல விழுந்தாலும் கெடைக்காது'ம்பாங்க. அந்தக் கண்டிப்புலதான் பேரு வந்துச்சு.

ரைஸ்மில் சந்தானம்னு ஒருத்தர் இருக்காரு. மொத நாளே வந்து மொத இலையில உக்காந்துடுவாரு. ஒரு துண்டு வாயில போட்டு, கண்ணை மூடிக்கிட்டு, 'பவுனு, இது கெழக்குக் கரையில மேஞ்சது'ம்பாரு. அடுத்த வாரம், 'இது வந்து எறங்கி ரெண்டு நாளுதான் ஆச்சு, இன்னும் அலுப்புத் தீரலை'ம்பாரு. அவ்வளவு நாக்கு அவருக்கு.

இவரு என்னடான்னா ஏரியே கதின்னு கெடந்தாரு. கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடுவாரு. மழையோ பனியோ, காய்ச்சல் அடிச்சாலும் போவாரு. சம்பளம் என்னமோ ஒண்ணுதான், வருசா வருசம் பங்குனியில ஆர்டர் புதுப்பிச்சாத்தான் வேலையே நெலைக்கும். மத்த காவக்காரங்க எட்டு மணிக்கு வந்து டீ குடிச்சுட்டுத்தான் கரையேறுவாங்க. இவருக்கு மட்டும் என்ன அவ்வளவு அவசரம்? வீட்டுல இருக்கப் புடிக்கலை, அதான்னு நெனைச்சேன். வேற என்ன நெனைக்கறது?

வரித்தலை வாத்துன்னு ஒண்ணு வரும், தலையில ரெண்டு கறுப்புக் கோடு இருக்கும். அதுல ஒண்ணு கழுத்துல பச்சைப் பட்டையோட நாலு வருசம் வந்துச்சு. எந்த நாட்டுலயோ புடிச்சுப் பட்டையில எழுத்தும் போட்டு விட்டுருக்காங்களாம். அது வந்து எறங்குன அன்னிக்கு இவரு மூஞ்சியைப் பாக்கணும். மருமக வந்த மாதிரி. நோட்டுல தேதி எழுதி வெப்பாரு. போன வருசம் கார்த்திகை போயி மார்கழி பாதியாச்சு, பச்சைக் கழுத்துக்காரி வரலை. இவரு சோத்துல கைய வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்துருந்தாரு ரெண்டு நாளு. நானும் கேக்கலை. மூணாம் நாளு போயி புகாரு எழுதிக் குடுத்துட்டாரு.

ஞாயித்துக்கிழமை. இருவது இலை விழுந்துருக்கு. ஜீப்பு வந்து நிக்குது. எறங்குனது ரேஞ்சர் மேடம், சின்ன வயசுப் பொண்ணு, என் பெரியவனைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம். பின்னாடி நாலு பேரு. நேரா அடுப்படிக்குப் போயி சட்டியைத் தெறந்து பார்த்துச்சு. பச்சைக்கறி ஒரு ஏனத்துல இருந்துச்சு, அதையும் எடுத்துச்சு. அந்த நேரம் பார்த்து சந்தானம் வாயிலேருந்து என்னமோ எடுத்து இலை ஓரத்துல வெக்குறாரு. சின்னக் குண்டு, கடுகை விடக் கொஞ்சம் பெருசு. மேடம் அதை வெரலால உருட்டிப் பார்த்துட்டு, 'ரவையா? அப்ப துப்பாக்கியும் இருக்கு'ன்னுச்சு. கள்ளத் துப்பாக்கின்னா அதுக்குத் தனி கேசு, அது போலீசு வரைக்கும் போயிடும்னு கூட வந்தவரு சொல்றாரு.

நம்ம சந்தானம் சும்மா இருக்கணுமா இல்லியா? 'மேடம், அசல் சிறவி. பதினோரு வருசமா சாப்பிடுறேன், எனக்குத் தெரியாதா? எங்க வேணா வந்து சொல்றேன்'ங்கறாரு. என்னைக் காப்பாத்துறதா நெனைப்பு!

மேடம் புகாரைப் பிரிச்சுப் படிச்சுச்சு. 'ஆலமேடு தற்காலிகப் பறவைக் காவலர் வேதரத்தினமாகிய நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என் மனைவி பவுனம்மாள்...' என் மனைவின்னே எழுதியிருக்காரு தம்பி. எட்டிப் பார்த்தா ஜீப்புக்குப் பின்னாடி நிக்குறாரு, கழுத்துல பைனாகுலரோட, தரையைப் பார்த்துக்கிட்டு.

'ஏங்க, நீங்கதான் எழுதுனீங்களா?'ன்னேன்.

'ஆமா'ன்னாரு. அப்புறம் என்னை நிமிந்து பார்த்து, 'பச்சைக் கழுத்தையும் அறுத்துட்டியா பவுனு?'ன்னாரு.

அப்ப எனக்கு வந்துச்சு பாருங்க. ஒடம்பெல்லாம் தீப்புடிச்ச மாதிரி. இருவது பேரு பார்த்துக்கிட்டிருக்கான். பன்னெண்டு வருசமா கடைப்பக்கம் வாயத் தெறக்காத மனுசன், தெறந்ததும் இதைத்தான் கேக்கணுமா?

'ஆமா மேடம், பறவைதான். எழுதிக்குங்க. எத்தனைன்னு கணக்கு வெக்கலை'ன்னேன். மேடமே கொஞ்சம் பயந்துடுச்சு. 'யோசிச்சுச் சொல்லுங்கம்மா, இது ஜெயிலுக்குப் போற விசயம்'னுச்சு. 'ஜெயில்லயும் சமையக்கட்டு இருக்கும்ல, போறேன்'னேன்.

இருங்க, இருங்க. என்ன அப்புடிப் பாக்குறீங்க? பறவையான்னு கேக்குறீங்களா?

வாத்து தம்பி. பட்டியில வளக்குற மேய்ச்சல் வாத்து. பன்னெண்டு சீசனும் வாத்துதான். ஒரு நாளு, ஒரு தட்டு, ஒரு துண்டுகூடப் பறவை கெடையாது.

திருக்கோவிலூர் பக்கத்துலேருந்து கோதண்டம்னு ஒருத்தர் ரெண்டாயிரம் வாத்தை ஓட்டிக்கிட்டு வருவாரு. அறுத்த வயல்ல மேய விடுவாரு, நடவு நேரத்துல வாய்க்கால் கரையில பட்டி போட்டுக்குவாரு. முட்டை ஓஞ்ச கெழட்டு வாத்தைக் கழிப்பாரு, அதை நான் வாங்கிக்குவேன். வயல் நத்தை தின்னு வளந்ததா, சிறவி மாதிரி சேத்து வாடை கறியிலயே இருக்கும். கெழடா, கறி முறுக்காவும் இருக்கும். தலையையும் காலையும் கழிச்சுட்டு, எலும்போட பொடிசா வெட்டி, மொளகை அள்ளிப் போட்டு வறுத்தா எந்த நாக்கு கண்டுபுடிக்கும்? சந்தானம் நாக்கா? கெழக்குக் கரையில மேஞ்சதாம்!

ஏமாத்துனேன்னு மட்டும் சொல்லாதீங்க. சாப்பிட வந்தவங்ககிட்ட நான் ஒருநாளும் பறவைன்னு வாயால சொன்னதில்லை. அதை நல்லாக் கேட்டுக்குங்க. 'சீசன் ஆரம்பம்'னு எழுதி வெச்சேன், அவ்வளவுதான். எந்தச் சீசன்னு எழுதினேனா? சட்டப்படி வேட்டைக்குச் சீசனே கெடையாதுன்னு மேடமே சொல்லுது. இல்லாத சீசனை நான் எழுதி வெச்சா அது எப்புடிக் குத்தமாவும்?

அந்தக் குண்டா? அது... சைக்கிள் கடையில சின்ன பால்ஸ் விப்பான்ல, சக்கரத்துல போடுறது, அது. பத்து தட்டுக்கு ஒண்ணு போடுவேன். பல்லுல பட்டா துப்பாக்கியில சுட்டதுன்னு அவங்களா நெனைச்சுக்குவாங்க, அதுக்கு நான் பொறுப்பா? ரவைன்னா ஈயத்துலதான் இருக்கணும். ஈயம் ஒடம்புக்கு ஆகாதுன்னுதான் நான் இரும்புக் குண்டாப் பார்த்து வாங்கினேன், அதையும் வெந்நீர்ல கழுவிட்டுத்தான் போடுவேன். ஏமாத்துறவளா இருந்தா ஈயத்தையே போட்டுருப்பேன்ல? ஒருத்தருக்குப் பல்லே ஒடைஞ்சுது. கோவிச்சுக்கிட்டாரா? ஒடைஞ்ச பல்லையும் குண்டையும் பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு, கூட்டாளிங்களுக்குக் காட்டணும்னு. அவ்வளவு சந்தோசம் குடுத்துருக்கேன்.

ஏன் வாத்துன்னு கேக்குறீங்க. அது ஒரு கதை. விடுங்க அதை.

கடைக்குச் சீல் வெச்சு, என்னைக் கோர்ட்டுல நிறுத்தி ஜாமீன்ல விட்டாங்க. கறியையும் குண்டையும் மெட்ராசுல ஏதோ லேபுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் வாரம் ஒரு நாள் ரேஞ்ச் ஆபீசுல வந்து கையெழுத்துப் போடணும். போட்டேன். நல்ல சேலையா உடுத்திக்கிட்டுப் போயிப் போட்டேன்.

வாத்துன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டுருப்பாங்க, எனக்குத் தெரியாதா? சொல்ல மாட்டேன். அவரு கேக்கட்டும். 'நெசமாவே பறவையா பவுனு'ன்னு ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டுட்டா போதும், சொல்லிடறேன்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன். ஒரே வீட்டுக்குள்ளதானே ரெண்டு பேரும் இருக்கோம். நான் சோறு வடிச்சு வெப்பேன், அவரு தானா போட்டுக்கிட்டுத் திங்குவாரு.

ஒரு நாளு வந்து நின்னாரு. கேக்கப் போறாருன்னு நெனைச்சேன். 'எவன் சுட்டுக் குடுக்குறான் உனக்கு?'ன்னாரு.

'காவக்காரருதானே, கண்டுபுடிங்க'ன்னேன்.

'பன்னெண்டு வருசமாத் தேடுறேன் பவுனு. சுடுறவன் விடியக்காலைதான் வருவான்னு தெனம் இருட்டோட போயிக் காதைக் குடுத்துக்கிட்டு நிக்குறேன். ஒரு வெடிச்சத்தம் கேக்கலை. ஒரு தோட்டா கெடைக்கலை. தண்ணியில எறகு மெதந்தா ஓடிப்போயி எடுத்துப் பாக்குறேன். எந்தப் பக்கமாத்தான் வர்றான் அவன்? எனக்கு வயசாவுது. சொல்லிடு'ன்னாரு.

பொய் சொல்ல மாட்டேன், அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. நம்மள விட்டு ஓடிப்போறாருன்னு நான் நெனைச்சுக்கிட்டுருந்த மனுசன், இல்லாத ஒருத்தனைப் புடிக்கிறதுக்காகப் பனியில நின்னுருக்காரு, என் சட்டிக்காக. அப்பவே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா இன்னமும் அவரு பறவைதானான்னு கேக்கலை, எவன்னுதானே கேட்டாரு? சொல்லலை.

மாசி கடைசியில ரிப்போர்ட்டு வந்துச்சு. ரெண்டு பேரையும் ரேஞ்ச் ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. மேடம் மேசை மேல பேப்பரை வெச்சுக்கிட்டு என்னைப் பாக்குது, பேப்பரைப் பாக்குது. 'எல்லாமே வீட்டு வாத்து. அந்தக் குண்டு சைக்கிள் பால்ஸ். ஏம்மா, நீங்கதானே பறவைன்னு எழுதிக்கச் சொன்னீங்க?'ன்னுச்சு. சிரிச்சுச்சு. அந்தப் பொண்ணு வாய் விட்டுச் சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு சிரிக்கலை. அவரு அந்தப் பேப்பரை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. திருப்பித் திருப்பிப் படிச்சாரு.

சிரிச்சு முடிச்ச மேடம் அப்புறம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிச்சு. 'உங்க கேசு முடிஞ்சுதும்மா. வேதரத்தினம் விசயந்தான் சிக்கல்'னுச்சு. மேல பெரிய ஆபீசுல கேக்குறாங்களாம். பொய்ப்புகாரு குடுத்து டிபார்ட்மெண்டையே சந்தி சிரிக்க வெச்சுட்டான்னு. 'பன்னெண்டு வருசத்துல ஒரு வேட்டைக்காரனைக்கூடப் புடிச்சுக் குடுக்கலை, புடிச்சுக் குடுத்த ஒண்ணும் வாத்து. இந்த ஆளை எதுக்கு வெச்சிருக்கணும், இந்தப் பங்குனியோட நிறுத்திடு'ன்னு எழுதியிருக்காங்களாம். அந்தப் பொண்ணுக்கும் மனசில்லைன்னு தெரிஞ்சுது. ஆனா மேலேருந்து வந்துட்டா அது என்ன பண்ணும்?

இவரு 'சரிங்க மேடம்'னாரு. கழுத்துலேருந்து பைனாகுலரைக் கழட்டினாரு. அதோட வார் கழுத்துல அழுத்தி அழுத்திக் கறுப்பாக் கோடு விழுந்துருக்கு. மேசை மேல வெச்சாரு. விசிலை எடுத்து அது பக்கத்துல வெச்சாரு. அந்த நோட்டு, பச்சைக் கழுத்து வந்த தேதியெல்லாம் எழுதின நோட்டு, அதையும் வெச்சாரு.

எனக்குப் பொறுக்கலை.

'எடுங்க அதை'ன்னு கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்துச்சு. 'மேடம், பேப்பரும் பேனாவும் எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. பன்னெண்டு வருசத்துல ஒருத்தனையும் புடிக்கலைன்னு உங்க மேலதிகாரி கேக்குறாருல்ல, ஏன் புடிக்கலைன்னா ஒருத்தனும் வரலை. ஏன் வரலைன்னு அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான் போயிக் கேட்டவ.

'இவரு வலையைக் குடுத்த மொத சீசன்ல நான் பறவைக்குத்தான் அலைஞ்சேன். வீம்புக்குன்னே அலைஞ்சேன். தெக்குக் கரையில இருக்குற வலைக்காரங்க வீடு வீடாப் போனேன். துப்பாக்கி வெச்சிருக்குறவன் ஒருத்தன் வீட்டுக்கும் போனேன். நாலு சிறவி புடிச்சுக் குடுங்கய்யா, கேட்டதைத் தர்றேன்னேன். எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினாங்க. வேதரத்தினம் நிக்குறாரு, அங்க எறங்க முடியாது தாயி, அவருக்குத் தெரியாத சந்து அந்த ஏரியில கெடையாதுன்னுட்டாங்க. ஒரு மாசம் நடையா நடந்தும் ஒரு எறகு கெடைக்கலை எனக்கு. பலகையில எழுதி மாட்டிட்டேன், ஆளு வந்து உக்காந்துட்டான். அப்புறந்தான் வாத்து.

'இவரு பொஞ்சாதி நான். இவரு எப்பத் தூங்குவாரு, எப்ப எந்திரிப்பாரு, எந்தக் கரையில எந்நேரம் நிப்பாருன்னு அத்தனையும் தெரிஞ்சவ. என்னாலேயே பன்னெண்டு சீசனா அந்த ஏரியிலேருந்து ஒரு பறவையை எடுக்க முடியலை. இதுக்கு மேல என்ன காவல் வேணும் உங்களுக்கு? எழுதுங்க மேடம், எழுதுங்க. வாத்தைப் பறவைன்னு நம்ப வெச்சேன், குண்டைப் போட்டு நம்ப வெச்சேன், நம்பித்தான் இவரு புகாரு குடுத்தாரு, இவரு மேல தப்பில்லைன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்.'

மேடம் எழுதுச்சு. எழுதி முடிச்சுட்டு, 'இதைக் குடுத்தா உங்க கடை பேரு போயிடும்மா. ஏமாத்துனதுக்குத் தனியா நடவடிக்கையும் வரும்'னுச்சு. வரட்டும்னேன். போட்டேன் கையெழுத்து. பவுனம்மாள்னு, 'ள்' வரைக்கும் அழுத்திப் போட்டேன்.

வந்துச்சு, சாப்பாட்டு இன்ஸ்பெக்டர் வந்து அவரு பங்குக்கு எழுதிட்டுப் போனாரு. கூட்டம் பாதியாக் கொறைஞ்சுது. சந்தானம் ரோட்டுல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு, என்னமோ அவரு நாக்கை நான் அறுத்துட்ட மாதிரி. போகட்டும். சிலேட்டுப் பலகையை நானே எடுத்துட்டேன். பெயிண்டரைக் கூப்பிட்டு 'வாத்துக்கறி, வருடம் முழுவதும்'னு எழுதச் சொன்னேன், நீங்க வர்ற அவசரத்துல பாக்கலை போலிருக்கு. இவருக்கு ஆர்டர் புதுப்பிச்சுட்டாங்க. பைனாகுலரும் புதுசு குடுத்தாங்க.

அன்னிக்கு ஆபீசுலேருந்து வெளியில வந்து பஸ்சுக்கு நின்னோம். இவரு, 'இதை மொத வருசமே சொல்லியிருக்கலாம்ல பவுனு?'ன்னாரு.

'எதை? நீங்க ஜெயிச்சுட்டீங்க, என்னால ஒரு பறவை வாங்க முடியலைன்னா? என் வாயாலயா?'ன்னேன். 'நான் சொல்லியிருந்தா நீங்க இத்தனை வருசம் இப்புடி இருட்டோட எந்திரிச்சுப் போயிக் காத்துருப்பீங்களா? அந்தப் பறவையெல்லாம் இன்னிக்கு உசுரோட இருக்குன்னா அதுல என் பங்கும் இருக்கு, தெரிஞ்சுக்குங்க'ன்னேன்.

நான் சொன்னதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. என் வாத்துதானே அவரை எழுப்பி விட்டுக்கிட்டு இருந்துச்சு? பஸ்சு வந்துடுச்சு, ஏறிட்டோம்.

ஆனா இப்ப எனக்கு ஒண்ணு புரியலை தம்பி. இந்த ஐப்பசியில மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு. அதே மாதிரி கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிக்குறாரு, குல்லாவை மாட்டுறாரு, கெளம்பிடுறாரு. நேத்து வழி மறிச்சு நின்னு கேட்டேன். 'ஏங்க, சுடுறவன் எவனும் இல்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே. எதைக் காதுல வாங்குறதுக்கு இந்தப் பனியில ஓடுறீங்க?'ன்னு.

என்ன சொன்னாருன்னு நெனைக்குறீங்க? 'சத்தம் கேக்கத்தான்'னாரு. 'விடியறப்ப ஏரி பூரா கத்தும் பவுனு, நீ ஒரு நாளும் வந்து கேட்டதில்லையே'ன்னுட்டுப் போயிட்டாரு.

பன்னெண்டு வருசமாக் கூப்பிடாம, இப்ப வந்து நான் வரலைங்கறாரு பாருங்க! நாளைக்குப் போறேன். எந்திரிச்சு, அவருக்கு முன்னாடி போயிக் கரையில நிக்கப் போறேன். என்ன பண்ணிடுவாரு?